அந்த ஒரு பத்தி

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பத்தி போகணும். இல்லைன்னா நீங்க போயிடுவீங்க" என்றார் மேலாளர்.

விளம்பரப் பிரிவுக்காரி தன் இடத்துக்கு வந்து கணினியைத் திறந்தாள். யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் அவர்கள் கம்பெனியைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. மழையில் நனைந்தால் கண்டவர்களுக்கும் தானாக அழைப்புப் போட்ட அவர்களுடைய பழைய போனைப் பற்றி அதில் ஒரு பத்தி. வடிவமைத்தவர் என்று மேலாளரின் பெயரே இருந்தது. மனுஷர் கொதிக்காமல் என்ன செய்வார்?

அவள் நீக்க நீக்க, 'ஆமை' என்ற பெயரில் யாரோ திரும்பச் சேர்த்தார்கள்.

"என் வேலை போயிடும்ங்க" என்று அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கெஞ்சினாள்.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா பேப்பர்ல வந்த செய்தியாச்சே" என்று எழுதியது ஆமை.

வெள்ளிக்கிழமை, வேலையை விடுவதாகச் சொல்ல மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். அவர் பதறிப்போய்க் கணினியை மூடுவதற்குள் திரையில் தெரிந்துவிட்டது: 'ஆமை, உங்கள் திருத்தம் சேமிக்கப்பட்டது.'

"சார், நீங்களா?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"முதலாளி அழிக்கச் சொல்றாரும்மா. ஆனா என் பேரு இணையத்துல வந்தது அந்த ஒரு பத்தியிலதான். எங்கம்மா வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுறாங்க."

"அப்போ என் வேலை?"

"முதலாளி காலையிலதான் பார்ப்பாரு. அப்ப நீங்க அழிச்சு வைங்க. எங்கம்மா சாயங்காலம்தான் காட்டுவாங்க. அதுக்குள்ள நான் சேர்த்துடறேன்."