ஒரு நூல் கீழே

அலமாரிக்கு இரு பக்கமும் நிற்க வேண்டிய இரண்டு பலகைகள் பட்டறையில் சாய்ந்திருந்தன. தட்டைத் தாங்கும் முளைகளுக்காக இடது பலகையில் ஓட்டை போட்டுக்கொண்டே வந்த டிரில், நடுவில் சறுக்கி, ஒரு ஜோடி ஓட்டையை ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கீழே இறக்கிவிட்டது.

"இவன் இனி அடுப்புக்குத்தான்" என்றது டிரில், கூசாமல். "நீ வாப்பா, உனக்காவது சரியாப் போடறேன்."

வலது பலகைக்குச் சுருக்கென்றது. இருவரும் ஒரே மரத்தில் அறுபட்டவர்கள்.

"அண்ணே, எனக்கும் அந்த இடத்துல ஒரு நூல் கீழேயே போடுங்க."

"தெரிஞ்சே தப்பாவா? என் மானம் என்ன ஆகறது?"

"அதை ஸ்கேல்கிட்ட போய்ச் சொல்லுங்க. தட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாப் போதும். எனக்கு மட்டும் சரியாப் போட்டீங்க, நான் வளைஞ்சே போயிடுவேன்."

டிரில் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டது.

அலமாரி எழுந்தது. அந்த ஓட்டைகளில் முளை செருகித் தட்டை வைத்தார்கள். மேலே வைத்த ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது.

மறுநாள் தட்டைக் கழற்றி வார்னிஷ் அடித்தார்கள். டிரில் மேலும் கீழும் பார்த்தது. சறுக்கிய இடம் எது என்று அதற்கே தெரியவில்லை.

"எங்கேப்பா அது?" என்று கேட்டது.

"எது அண்ணே?" என்றன இரண்டு பலகைகளும்.