தனியாக அலசவும்

“ஏய், சாயம் விட்டிருக்கேடி,” என்றாள் அக்கா.

தொட்டியில் கை விடுவதற்காகத் தங்கச்சி சட்டைக் கையைச் சுருட்டியபோதுதான் அக்கா அதைப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே தோலில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. போன மாதம் அக்காவே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிக் கொடுத்த முழுக்கைச் சட்டை அது. அதே நீலம், அதே ஊதா.

அக்காவின் கண் மூலையில் இருந்த மூட்டைக்குப் போனது. அதே தொட்டியில் முக்கியெடுத்த சட்டைகள் மூட்டை கட்டித் தயாராக இருந்தன. சாயங்காலம் பெரிய கடையிலிருந்து வண்டி வரும். ‘ஒரு துணி சாயம் போச்சுன்னு திரும்பி வந்தாலும் அதோட சரி’ என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்தக் கடைப்படி ஏறுவதற்கு அவள் நாயாய் அலைந்தது அவளுக்குத்தான் தெரியும். புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவதே சாயத் தொட்டியை நம்பித்தான்.

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தங்கச்சி புருஷன் எட்டிப் பார்த்தார்.

“சாயந்தாங்க. நானும் கழுவு கழுவுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். கேட்டாத்தானே?”

தங்கமான மாப்பிள்ளை. பெண்டாட்டியை எங்கேயும் தனியாக விடமாட்டார். கூடவே கூட்டி வந்து, வேலை முடியும்வரை வாசலிலேயே நின்று, கூடவே கூட்டிப் போவார். தங்கச்சிக்கு இப்படி வாய்த்ததைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்திருந்தது.

“எப்படித் துவைச்ச?” என்று அக்கா அதட்டினாள்.

தங்கச்சி மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “வெந்நீர்ல ஊறப்போட்டுட்டேன்க்கா.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தனியா அலசணும், பச்சைத் தண்ணியில, ஒரு கை உப்புப் போட்டு. முறுக்கிப் பிழியாத, நிழல்ல காயப்போடுன்னேன். ஒரு வார்த்தையாவது காதுல விழுந்துச்சா?”

“தப்புதான்க்கா.”

“எதைச் சொன்னாலும் இவ மண்டையில ஏறாது. நீங்களே கேளுங்க,” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அக்காவும் சேர்ந்து சிரித்தாள். “சின்ன வயசுலயே இப்படித்தான் தம்பி. நாலு போட்டாத்தான் கேப்பா.”

சிரித்தாலும் பயம் விடவில்லை. தங்கச்சியின் சட்டை முனையைத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. தையல் ஓரத்தில் தேய்த்தாள், கைமடிப்பில் தேய்த்தாள். ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயம் நிற்கிறது. வெந்நீர் பட்டதில் மேலாக நின்றது கொஞ்சம் கிளம்பியிருக்கும், அவ்வளவுதான். மூட்டை தைரியமாகப் போகலாம்.

தோலில் கறை ஏறுவது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. அவள் கையே மணிக்கட்டு வரைக்கும் நீலம். அந்தக் கையால் பரிமாறினால் புது விருந்தாளிகள் தட்டை இழுத்துக்கொள்வார்கள். சாயக்காரி கண்ணுக்கு ஊரில் உள்ள நீலமெல்லாம் தொட்டியிலிருந்து வந்ததுதான்.

“கையை நீட்டு. ரெண்டு தேய்ல போயிடும்,” என்று சோப்பையும் நாரையும் எடுத்தாள்.

“வேணாம்க்கா, நான் வீட்டுல தேய்ச்சுக்கறேன்.”

“நீ தேய்ச்ச லட்சணந்தான் தெரியுதே.”

வாசலில் மாப்பிள்ளையின் போன் அடித்தது. சத்தமில்லாத இடம் தேடி அவர் தெருவில் இறங்கினார். அக்கா தங்கச்சியின் கையைக் குழாய்க்குக் கீழே இழுத்து, சோப்பைப் போட்டு நாரால் தேய்த்தாள். வெள்ளை நுரைதான் ஓடியது. நீலம் அசையவில்லை. நல்ல அழுத்தமான சாயம் என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. இன்னும் ஊன்றித் தேய்த்தாள்.

தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு தெருப்பக்கம் பார்த்தாள். அவர் முதுகு திரும்பியிருந்தது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அக்காவின் காதோரம் குனிந்தாள்.

“தேய்க்காதக்கா, அவர் அடிச்ச இடம்.”