பாலத்துக்கு அந்தப் பக்கம்

மாலை நான்கு பத்துக்கு ஆளுநர் போட்ட கையெழுத்து, ஆறு மணிக்கு நிறைவேற இருந்த மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றியது. அந்த அமெரிக்கச் சிறையின் பார்வையாளர் அறையில் சௌந்தரம், தன் மகனின் வக்கீலான பூரணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஐந்தரைக்குத் துணை ஆளுநரின் செயலாளர் பூரணியைப் போனில் அழைத்தார். அவள் வராந்தாவுக்குப் போய்ப் பேசினாள்.

"மேடம், உங்க ஆளுநர் எங்க வச்சுக் கையெழுத்துப் போட்டாங்க?"

"கார்ல. அவங்க அம்மா சீரியஸ்னு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில."

"கார் அப்போ பாலத்தைத் தாண்டிடுச்சு. அந்தப் பக்கம் வேற மாநிலம். அங்க அவங்க வெறும் விருந்தாளி. அந்தக் கையெழுத்து செல்லாது."

பூரணிக்கு அந்தச் சட்டம் தெரியும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்புச் சட்டம் உண்டு. குதிரை வண்டிக் காலத்தில் எழுதிய இந்த மாநிலச் சட்டத்தில், ஆளுநர் எல்லையைத் தாண்டினால் அவர் திரும்பும்வரை அதிகாரம் துணை ஆளுநருடையது. இருவரையும் மக்கள் தனித்தனியாக, எதிரெதிர்க் கட்சிகளிலிருந்து தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"அப்போ உங்க ஐயா போடட்டும்."

"மரண தண்டனை வேணும்னு பேசித்தான் ஐயா ஜெயிச்சாரு."

"ஆளுநர் திரும்பி வர்றவரைக்குமாவது நிறுத்தி வைங்க."

"அவங்க எல்லைக்குள்ள வர ஆறரை ஆகும், மேடம்."

போன் துண்டிக்கப்பட்டது. பூரணி அறைக்குள் திரும்பினாள். காவலர் கதவைத் திறந்து, மகனோடு பேச ஐந்து நிமிடம் என்றார். சௌந்தரம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வக்கீலம்மா, பயப்படாத, பொழச்சிட்டடான்னு அவன்கிட்ட நானே சொல்லிடட்டுமா?"