விட்டுப்போன இரண்டு பக்கங்கள்

"இந்த இடத்துல புத்தகம் எழுதினவருக்கே கொட்டாவி வந்திருக்கும். நீங்களும் எழுந்து ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் உற்சாகமாகச் சொன்னது.

குரலுக்குச் சொந்தக்காரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்வையற்றவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நிலையம் அது. கல்லூரியில் மொழியியல் கடைசி வருடம் படிக்கும் அவளுக்கு வகுப்பில் 'வாயாடி' என்று பெயர். அறுபது மணி நேரம் சமூக சேவை செய்தால்தான் பட்டம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வாயை வைத்தே முடித்துவிடக்கூடிய சேவை எது என்று தேடி இங்கே வந்து சேர்ந்தாள்.

வந்த இடத்தில் கையில் கொடுக்கப்பட்டது, இரண்டு வருடமாக அவளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த அதே மொழியியல் பாடப்புத்தகம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுவரெல்லாம் கம்பளி தொங்கும் அறைக்குள் வியர்த்து வழிய, எண்பது பக்கம் ஒழுங்காகத்தான் வாசித்தாள். அதற்கு மேல் நாக்கு சும்மா இருக்கவில்லை. சரிபார்க்க வேண்டியவர் நீண்ட விடுப்பில் இருந்ததால், பதிவு அப்படியே உறுப்பினர்களுக்குப் போய்விட்டது.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நிலையப் பொறுப்பாளர் அம்மா. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர். நிலையத்தில் எல்லா உறுப்பினருக்கும் எண்தான். போன மாதம் சேர்ந்த இவர் முந்நூற்றேழு. கைத்தடி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய், கதவில் நன்றாக இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் பெரியவர்.

நூற்று நாற்பதாம் பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் இந்தப் பெண் ஒரு வரிகூட வாசிக்கவில்லையாம். பொறுப்பாளர் அம்மா புத்தகத்தைப் பிரித்தார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்டுப்போன பகுதியை மளமளவென்று ஒப்பித்தார். அம்மாவின் விரல் வரி வரியாக அவர் பின்னாலேயே ஓடியது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. மனிதருக்கு என்ன ஞாபகசக்தி என்று வாயாடி வாயைப் பிளந்தாள்.

"ஏம்மா இதை விட்டே?"

"நாலு தடவை படிச்சேன் சார், புரியவே இல்லை. வீட்டுக்குப் போய் எங்க அக்கா பொண்ணைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. அதனால அவளைப் பத்தியே சொல்லிட்டேன்."

அதையும் போடச் சொன்னார் பெரியவர். ஒலிபெருக்கி மறுபடி பேசியது: "எங்க அக்கா பொண்ணுக்கு ஒன்றரை வயசு. முதல்ல மாட்டை மாடுன்னா. அப்புறம் நாய், பூனை, எங்க வீட்டு நாற்காலி எல்லாமே மாடு. நாலு கால் இருந்தாப் போதும் அவளுக்கு. சிரிக்காதீங்க, குழந்தை தானாவே ஒரு விதியைக் கண்டுபிடிச்சிருக்கா. அது எதுவரைக்கும் செல்லும்கிறதைத்தான் இன்னும் கண்டுபிடிக்கலை. இவர் ரெண்டு பக்கமா சொல்றது இவ்வளவுதான்."

பெரியவரின் முகம் அசையவில்லை. பொறுப்பாளர் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தாக வேண்டும், அதுவரை சேவைச் சான்றிதழில் கையெழுத்துக் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் கல்லூரிக்குப் போகாவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. வாயாடிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தப்பு அவளுடையதுதான், யாரைச் சொல்லி அழ?

"திரும்ப வாசிக்கறேன்மா" என்றாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள். "சார், அதுவரைக்கும் உங்க படிப்பு நிக்க வேண்டாம். நான் தினமும் உங்க வீட்டுக்கே வந்து வாசிச்சுக் காட்டறேன். நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பேசாம வாசிக்கறதா இருந்தா வரவே வேண்டாம்" என்றார் பெரியவர்.

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

பதிவில் ஒரு வரியைக்கூட அழிக்கக் கூடாது என்றார் அவர். டீ குடிக்கச் சொன்ன இடம் உட்பட. அவள் சொன்ன நான்கு இடத்தில் மூன்றில் எழுந்துபோய் டீ குடித்தாராம். நான்காவதில் வீட்டில் பால் இல்லையாம். பெண்ணின் சான்றிதழில் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

பொறுப்பாளர் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "எப்படி சார்? இந்தக் கிண்டலெல்லாம் புத்தகம் எழுதினவர் காதுல விழுந்தா என்ன நினைப்பார்?"

பெரியவர் கைத்தடியைத் துழாவி எடுத்துக்கொண்டு எழுந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு இப்போதுதான் வெளியே வந்தது.

"விழுந்துடுச்சும்மா. நான் எழுதின புத்தகம், எனக்கே இப்பத்தான் புரிஞ்சுது."