அண்ணன் இறங்க வேண்டும்
வெயில் கராஜின் பாதித் தரைக்கு வந்துவிட்டது. ஹெல்மெட் மாட்டிய தங்கை, தன் உயரத்துக்கென்று செய்த இருக்கை மெத்தையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி நிற்கிறாள். அண்ணனும் அவளும் ஒரே காரை மாறி மாறி ஓட்டும் ஆறு மணி நேரப் பந்தயத்தில் இனி அவள் முறை. இன்று ஓட்டாவிட்டால் அடுத்த வருடம் அணியில் இடமில்லை. ரேடியோவில் அண்ணனின் குரல் கரகரக்கிறது. "டயர் நல்லாத்தான் இருக்கு. நானே முடிச்சிடுறேன்." "பெட்ரோல் போட வந்துதானே ஆகணும், வாடா," என்கிறார் மேனேஜர். "உங்கண்ணன் சீட்டுல பசை தடவி உட்கார்ந்திருக்கான்மா," என்கிறார் மெக்கானிக். அவள் சிரிக்கவில்லை; குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. கார் சீறி வந்து நிற்கிறது, சூடான ரப்பர் வாடையோடு. கதவைத் திறக்கிறாள். அண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான். "எறங்குண்ணா," என்று சொல்லி, உள்ளே குனிந்து, அவன் பெல்ட்டின் பூட்டைத் தானே திருகித் திறந்துவிடுகிறாள்.