எல்போ மேல் ஒரு துளி

தகரக் கொட்டகைக்குள் மின்விசிறி ஓடவில்லை. குடிநீர், கழிவுநீர்க் குழாய் வேலைக்கான ஒப்பந்ததாரர் உரிமத்துக்குச் செய்முறைத் தேர்வு நடக்கிறது. குழாய்க்காரர் பொருத்தி முடித்த குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்க, பிரஷர் கேஜின் முள் பத்தில் நிற்கிறது. கால் மணி நேரம் அது இறங்கக் கூடாது, எந்த இணைப்பும் கசியக் கூடாது. பதினெட்டு வருடமாக மச்சானின் உரிமத்தில் வேலை பார்ப்பவர் இவர். ஊரில் பாதித் தெருக்களுக்கு அடியில் இவர் போட்ட குழாய்தான். காகிதத்தில் ஒரு முழம்கூட இவருடையது இல்லை. இரண்டு முறை தோற்றாயிற்று. இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்போது, எல்போ வளைவின் மேல் ஒரு துளி பளபளக்கிறது. “என்ன இது?” என்கிறார் தேர்வு நடத்தும் பெண் பொறியாளர். “வேர்வைங்க மேடம். நான் குனிஞ்சு பார்த்தேன்ல, அப்ப விழுந்துருச்சு.” “கசிஞ்சா எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ரெண்டடி தள்ளி நில்லுங்க.” அவர் தள்ளி நின்று, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளில் செருகிக்கொள்கிறார். பொறியாளர் துளியைத் துணியால் ஒற்றி எடுக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து எல்போவையே பார்க்கிறார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது. கேஜின் முள் அசையவில்லை. எல்போ மேல் மறுபடி ஒரு துளி. இருவரும் அதைப் பார்க்கிறார்கள். குழாய்க்காரர் இன்னும் இரண்டடி தள்ளியேதான் நிற்கிறார். பொறியாளர் மெதுவாக நிமிர்ந்து, துணியில் காய்ந்த மூலையைத் தேடி, முதலில் தன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார்.