கை ஊன்றாமல்

அறுபதாம் கல்யாணப் பந்தி முடிந்ததும் கபிலன் அப்பாவையும் அம்மாவையும் ஹால் தரையில் உட்காரவைத்தான். "கை ஊனாம எழுந்திருச்சா ஆயுசு கெட்டினு ஆராய்ச்சியே இருக்கு. மொதல்ல அப்பா!"

"தெனம் வாக்கிங் போறவன்டா நான்," என்றார் அருணகிரி. உடம்பை முன்னால் வீசி எழப் பார்த்தார். கை தானாகத் தரைக்குப் போனது.

"மாலை கனம் மாப்ள," என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள்.

அருணகிரி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி முயன்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"விடுங்கப்பா, பழகிக்கலாம். அம்மா, நீ?"

செண்பகவல்லி பட்டுப்புடவையை இடுக்கிக்கொண்டு, எதையும் தொடாமல் எழுந்து நின்றாள். கபிலன் விசிலடித்தான். "அம்மா தொண்ணூறைத் தாண்டும் பாருங்க!"

அருணகிரி அவளை அண்ணாந்து பார்த்தார். காலையில் அவர் கட்டிய புதுத் தாலி அவள் கழுத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"உட்காரு செம்பா," என்றார் மெதுவாக. "கை ஊனி எழுந்திரு."

"எதுக்குங்க?"

அவர் கண் அந்தத் தாலியிலேயே நின்றது. அவள் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தாள். அவரைப் பார்த்தபடி, எழாமல் அப்படியே இருந்தாள்.

"அம்மா?" என்றான் கபிலன்.